வாய்க்கட்டு

எருமப்பட்டி,
குரோதன வருஷம், தை மாதம் 22

சிரஞ்சீவி அர்த்தநாரிக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. ரங்கூனில் நீ தேக சுகத்தோடு இருக்க வேண்டும் என்று அம்மனைக் கேட்டுக்கொள்கிறேன். இங்கே நாங்களும் அப்படியே என்று அடுத்த வரியை எழுதுவதுதான் வழக்கம், பல்வலியோடும் காய்ச்சலோடும் கிடந்தபோதுகூட அப்படித்தான் எழுதியிருக்கிறேன், இன்றைக்கு அந்த வரிக்குக் கை வரவில்லை. நின்றுகொண்டு படிக்கிறாய் என்றால் உட்கார் சாமி. உன் அம்மா போன வெள்ளிக்கிழமை நம்மை விட்டுப் போய்விட்டாள். பிளேக் நோய்தான். தந்தி கொடுக்க நாமக்கல்லுக்குக் கிளம்பினேன், நோய் கண்ட ஊர் என்று எல்லையில் ஆள் நிறுத்தியிருந்தார்கள், திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்புறம் யோசித்தேன், தந்தியைப் பார்த்துவிட்டு நீ கப்பல் ஏறினாலும் முகம் பார்க்க முடிந்திருக்காது, அதில் வரும் நாலு வார்த்தையைப் படித்துவிட்டு அம்மாவை நாங்கள் சரியாகப் பார்க்காமல் விட்டுவிட்டோம் என்றுதான் நினைப்பாய். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

மார்கழி முதல் வாரத்தில் உன் அக்கா மாரக்காளின் புருஷன் தங்கமுத்து மாப்பிள்ளை சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மிளகாயும் மல்லியும் கொள்முதல் செய்து வண்டியில் கொண்டுவந்தார். அந்த மூட்டைகளோடு வந்ததோ வேறு எப்படி வந்ததோ, கொஞ்ச நாளில் அவர் கடையில் எலிகள் செத்து விழுந்தன. அடுத்து அந்தத் தெருவிலேயே இரண்டு பேர் போனார்கள். ஊரைக் காலி செய்து எல்லோரும் அவரவர் தோட்டங்காட்டுக்குக் குடி வந்துவிட்டோம். நாம் கிணற்று மேட்டில் இருக்கும் நம் ஓலைச் சாளைக்கு வந்தோம், மாரக்காளையும் மாப்பிள்ளையையும் கூடவே கூட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் ஒரு கொட்டகை போட்டுக் கொடுத்தேன். அதுவரைக்கும் ஊரில் ஒரு சண்டை இல்லை. சுகாதார இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தார், மதராஸ் பக்கத்து மனிதர், கெட்டவர் இல்லை, அவர் வந்த பிறகுதான் ஆரம்பித்தது. இப்போது இருமலிலும் நோய் பரவுகிறது, நோயாளி அருகே போகிறவர்கள் நாலு மடிப்புத் துணியால் மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிக்கொள்ள வேண்டும் என்றார். நல்ல பேச்சுதான். அதைத் தண்டோரா போடச் சொன்னபோது அவர் வாயில் வந்த வார்த்தை என்ன தெரியுமா, வாய்க்கட்டு. தண்டோராக்காரன் சுப்பையன் தயங்கி, அந்த வார்த்தை வேண்டாமுங்க சாமி என்று சொல்லியிருக்கிறான், அவருக்கு விளங்கவில்லை, சொன்னதைச் சொல் என்று அதட்டியிருக்கிறார். அவனும் தப்பட்டையைத் தட்டி, நாளையிலிருந்து அத்தனை பேரும் வாய்க்கட்டுக் கட்டோணும், கட்டாதவங்க மேல கேசு என்று காடுகாடாகப் போய்க் கத்திவிட்டான். செத்தவர்களுக்குத் தாடையைச் சேர்த்துக் கட்டுவதற்கு நம் பக்கத்தில் அதுதான் பேர் என்று அந்த இன்ஸ்பெக்டருக்கு யார் சொல்லுவார்கள். கேட்ட பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள்.

மறுநாள் மாரியம்மன் கோவில் மைதானத்தில் கூட்டம் கூடியது. நான் சும்மா இருந்திருக்கலாம், என் சுபாவம் உனக்குத் தெரியும். அது தாடையைக் கட்டுவது, இது மூக்கை மூடுவது, பேர் ஒன்று என்றால் காரியமும் ஒன்றா என்று கேட்டேன். எதிர்ப்பக்கம் முன்னால் நின்றவர் அம்மாசிப் பூசாரி. அவர் பூசை செய்யும்போது மஞ்சள் துணியால் வாயைக் கட்டிக்கொள்வார் அல்லவா, மூச்சு அம்மன் மேல் படக்கூடாது என்று, சின்ன வயதில் அந்தக் கோலத்தைப் பார்த்து நீ அம்மா முந்தானைக்குள் ஒளிந்துகொள்வாய். அம்மனுக்குக் கட்டுகிறவர் அடுத்த மனுசனுக்குக் கட்டினால் என்ன குறைந்துபோகும் என்று அவரை மடக்கினேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. அது மரியாதைக்குக் கட்டறதுங்க, நீங்க கட்டச் சொல்றது பயத்துக்கு, பயந்து வாயக் கட்டிக்கிட்டுத் திரிஞ்சா பொணம் நடக்குதுன்னு ஆத்தா கூட்டிக்கிட்டுப் போயிருவா என்றார். அவர் பேச்சைவிட எனக்கு உறைத்தது வேறு. பெண்கள் கூட்டத்திலிருந்து உன் அம்மா, பூசாரி சொல்றதுதான் செரி, உசிரோட இருக்கறவங்களுக்கு எதுக்கு அந்தப் பேரு என்று எல்லோரும் கேட்கச் சொன்னாள். ஊர்க் கூட்டத்தில் அவள் எனக்கு எதிராக வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. திரும்பி வரும்போது அவளை விட்டுவிட்டு முன்னால் விறுவிறு என்று நடந்து வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து ஊர் இரண்டாகிவிட்டது. துணி கட்டினவர்களைப் பிணக்கூட்டம் என்றார்கள், நாங்கள் கிணற்றடிக்குப் போனால் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார்கள். நாங்களும் யோக்கியமாக இருக்கவில்லை, அவர்களில் யாராவது தும்மினால் வேண்டுமென்றே எழுந்து அக்கட்டால் தள்ளிப் போய் உட்கார்ந்தோம். சம்பந்தம் பேசி முடித்த இரண்டு வீடுகள் இந்தத் துணியால் பேச்சை முறித்துக்கொண்டன. மூக்குத் துணி என்றோ முகத்துணி என்றோ அந்த மனிதர் ஒரு வார்த்தையை மாற்றிச் சொல்லியிருந்தால் பாதிப் பேராவது சத்தமில்லாமல் கட்டியிருப்பார்கள். அதை நினைத்து நினைத்து எனக்கு மனசு ஆறவில்லை.

இந்தக் கூத்துக்கு நடுவில் மாரக்காள் படுத்தாள். காய்ச்சல் கொதித்தது, தொடை இடுக்கில் நெறி கட்டி எலுமிச்சை அளவுக்கு வீங்கிவிட்டது. மாப்பிள்ளை பயந்துபோய் வெளியே நின்றார், அவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன், பெற்றவர்களை விழுங்கிய நோய் அது அவருக்கு. உன் அம்மாதான் உள்ளே போனாள். என் பழைய மல் வேட்டியைக் கிழித்து நாலாக மடித்து நாடா வைத்து நானே இரண்டு துணி தைத்தேன், கோணல்மாணலாகத்தான் வந்தது. ஒன்றை நான் கட்டிக்கொண்டேன், மற்றதை அவளிடம் நீட்டினேன். வாங்கி மடியில் செருகிக்கொண்டாள், அவ்வளவுதான். கட்டு என்று வாசலில் நின்று கத்தினேன். வாயக் கட்டிக்கிட்டும் இவருக்குப் பேச்சுக் கொறையலையே என்று சிரித்தாள். அப்புறம் சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னாள், பேருக்காகக் கட்டாம இருக்கறன்னு நெனைக்காதீங்க, புள்ள கண்ணு முழிச்சுப் பாக்கறப்ப பெத்தவ வாய்க்கட்டோட முன்னால உக்காந்திருந்தா, நாம செத்துட்டோம்னு நெனச்சே அவ செத்துருவா என்றாள். கூட்டத்தில் அத்தனை பேரோடு வாதாடியவன், கஞ்சிக்கு விறகு எடுக்கப் போய்விட்டேன் சாமி.

கஞ்சியைச் சங்கில் புகட்டுவதும், வேப்பிலையை அரைத்துக் கட்டிக்குப் போடுவதும், முகத்தைத் துடைத்துவிடுவதுமாக அவள் அந்தக் கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. கட்டி பழுத்து உடைந்தது. மாரக்காளுக்குக் காய்ச்சல் விட்டது, தண்ணீர் கேட்டாள், நாங்கள் எல்லோரும் அம்மன் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டோம். அன்று சாயங்காலமே உன் அம்மா இரும ஆரம்பித்தாள். கட்டி எதுவும் வரவில்லை, நேரே நெஞ்சில் இறங்கிவிட்டது, எச்சிலில் இரத்தம் வந்தது. இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். அவளைச் சாளைக்குள் கிடத்தி நான்தான் பக்கத்தில் இருந்தேன், துணி கட்டிக்கொண்டுதான் இருந்தேன். வியாழக்கிழமை மத்தியானம் நல்ல நினைவோடு இருந்தாள். ஏனுங்க, அத எடுங்க, ஒருக்கா மூஞ்சியப் பாக்கறேன் என்றாள். எழுந்து போய் வாசற்படிக்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டு துணியை அவிழ்த்தேன். அங்கே இருந்தே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். செரைக்காமக் கெடக்கறீங்க என்றாள். போதும் கட்டிக்குங்க, மாரக்காளுக்கு ஒருத்தராச்சும் வேணும் என்றாள். மறுபடியும் கட்டிக்கொண்டு உள்ளே போனேன். வெள்ளிக்கிழமை விடிந்ததும் மூச்சு நின்றுவிட்டது.

இனி எழுதுவதைப் படிக்க உனக்குக் கஷ்டமாக இருக்கும், எழுத எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. கண்ணை மூடிவிட்டு, தாடையைக் கட்ட வேண்டுமே என்று துணி தேடினேன். கொடியில் வேறு துணி கிடந்தது. ஆனால் நான் தைத்துக் கொடுத்து அவள் மடியில் செருகிக்கொண்ட துணி அப்படியே மடிப்புக் கலையாமல் இருந்தது. அதை எடுத்துத்தான் கட்டினேன். அப்போதும் ஏதாவது சொல்லுவாளோ என்று ஒரு கணம் நின்றேன்.

தூக்க ஆள் வரவில்லை. இன்ஸ்பெக்டரின் ஆட்கள் வண்டி கொண்டுவந்தார்கள். சுடுகாட்டில் தாடைக் கட்டை அவிழ்க்கக் கூடாது, அப்படியே எரித்துவிடு என்றார்கள். கட்டை அவிழ்க்காமல் எப்படி வாய்க்கரிசி போடுவது, அரிசி இல்லாமல் அவளை எப்படி அனுப்புவது என்று நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அவர்களும் கிட்டே வர மாட்டோம் என்றார்கள், எனக்கும் மாரக்காளை நினைத்து அந்தக் கட்டில் கை வைக்கத் துணிவில்லை. அப்போது காட்டு வழியில் அம்மாசிப் பூசாரி வந்தார். கோவிலில் கட்டுகிற மஞ்சள் துணியை வாயில் கட்டியிருந்தார். யாரையும் கேட்கவில்லை, நேரே போய் உன் அம்மாவின் கட்டை மெல்ல அவிழ்த்துவிட்டு எனக்கு வழிவிட்டு நின்றார். பயத்துக்குக் கட்டலீங்க சாமி, தாயிக்கு மரியாதைக்குத்தான் என்றார். இதை எதற்குக் கட்டினால் என்ன, பத்து நாள் முன்னால் கட்டியிருக்கக் கூடாதா என்று எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது, விழுங்கிக்கொண்டேன். ஒரு கை அரிசி எனக்காகப் போட்டேன், ஒரு கை உன் பேரைச் சொல்லிப் போட்டேன். நீ இருந்து செய்ய வேண்டியதை நான் செய்தேன் கண்ணு, மனசில் குறை வைக்காதே.

இதோடு சண்டை ஓய்ந்துவிட்டது என்று நினைக்காதே. பூசாரி மறுநாளே வெறும் முகத்தோடுதான் நடக்கிறார். செத்த பிறகும் உன் அம்மாவை ஊர் விடவில்லை, இரண்டு கட்சியும் அவளைத் தங்கள் பக்கம் இழுக்கிறார்கள். துணி கட்டாததால்தான் போனாள் என்கிறார்கள் எங்கள் ஆட்கள். என் பேரைச் சொல்லி, வெங்கடாசலம் வீட்டில் வாய்க்கட்டுத் தைத்து வைத்தார்கள், அது ஆளைக் கேட்டு வாங்கிக்கொண்டது என்கிறார்கள் அவர்கள். மாரக்காளுக்கு நேற்றுத்தான் விஷயத்தைச் சொன்னோம். அழுது தீர்த்தாள். பிறகு, எங்கியோ ஆழத்துல போயிட்டே இருந்தனுங்கப்பா, கண்ணத் தொறந்தா அம்மா மூஞ்சி தெரிஞ்சுது, அதப் பாத்துத்தான் திரும்பி வந்தேன் என்றாள். நான் சொன்னதுதான் சரி என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை அர்த்தநாரி. சரியாக இருந்து எனக்கு என்ன கிடைத்தது. சில நேரம் உன் அம்மா மேல் கோபம் கோபமாக வருகிறது, வாதாட ஆள் இல்லை.

உன் அக்கா எழுந்து உட்காருகிறாள், கஞ்சி குடிக்கிறாள், அவளைப் பற்றிக் கவலை வேண்டாம். காரியத்தைச் சாளையிலேயே சுருக்கமாகச் செய்துகொள்கிறோம். கடனை உடனை வாங்கிக்கொண்டு நீ புறப்பட வேண்டாம், நோய் அடங்கி ஊருக்குள் குடி போன பிறகு நானே வரச்சொல்லி எழுதுகிறேன். தனியாக உட்கார்ந்து அழாதே, நம் பக்கத்து ஆட்கள் மில்லில் இருக்கிறார்கள் அல்லவா, அவர்களோடு இரு. வேளைக்குச் சாப்பிடு. படித்து முடித்ததும் தலை முழுகிவிடு. துக்கக் கடிதாசியை வைத்திருக்கக் கூடாது, இதையும் கிழித்து ஆற்றில் போட்டுவிடு, அதற்கு முன்னால் கீழே எழுதுவதை மனசில் வாங்கிக்கொள்.

உங்கள் மில்லிலும் காய்ச்சல் வந்திருக்கிறது, துரை துணி கட்டச் சொல்கிறார், நம் ஆட்கள் மாட்டோம் என்கிறார்கள், நான் எந்தப் பக்கம் நிற்பது அப்பா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். அந்தக் கடிதத்தை வியாழக்கிழமை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவன் என்னையாட்டந்தான், நான் கட்டலைன்னு தெரிஞ்சா அவனுங் கட்ட மாட்டான், நான் கட்டிக்கிட்டேன்னே எழுதிப்போடுங்க என்றாள். பொய் எழுதச் சொல்கிறாயே என்றேன். எழுதுங்க, எனக்காகச் சொல்ற கடைசிப் பொய்யா இருக்கட்டும் என்றாள். பொய் எழுத வேண்டிய அவசியம் வரவில்லை சாமி. நான் தைத்த துணியை உன் அம்மா கட்டிக்கொண்டுதான் போனாள், சுடுகாடு வரைக்கும் கட்டியிருந்தாள். நீ அதை உயிரோடு கட்டிக்கொள். அங்கே அதற்கு என்ன பேர் வைத்தாலும் வைக்கட்டும், அந்த ஒரு பேரை மட்டும் நீ சொல்லாதே.

நீண்ட ஆயுளும் நல்ல தேகமும் உனக்கு உண்டாகட்டும் என்று உன் அம்மாவுக்கும் சேர்த்து ஆசீர்வதிக்கும்,

உன் அப்பா
வெங்கடாசலம்