அழித்த நான்கு படங்கள்

ஐப்பசி 9, திங்கள்

பட்டினப்பாக்கம் செல்வி இன்று ஸ்டுடியோவுக்கு வந்திருந்தாள். ஆவணியில் மயிலாப்பூர் மண்டபத்தில் நடந்த அவள் கல்யாணத்துக்குப் படம் எடுத்தவன் நான். போன வாரம் அவள் அப்பா இறந்துவிட்டாராம்.

"அண்ணே, ஆல்பத்துல நைனா எல்லாத்துலயும் மொறைச்சிக்கினே கீறாரு. சிரிச்ச மாறி ஒண்ணுகூட இல்லியா?"

இருந்தது. தாலி கட்டி முடிந்ததும் அவர் மண்டப வாசலில் தனியாக நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். நான் எடுக்கும்போது மேகம் வெயிலை மூடிவிட்டது. முகம் இருட்டாக இருக்கிறதென்று நான்கு படங்களையும் அன்றே அழித்துவிட்டேன்.

"இல்லம்மா," என்றேன்.

"அவரு எப்பவுமே அப்டித்தாண்ணே," என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அவர் சிரித்தார் என்பதையாவது அவளிடம் சொல்லியிருக்கலாம்.