வில்லை வைத்துவிட்டு வாளை எடுக்கும் நேரம்

அதியமான்கோட்டை
14.6.2025

பூவரசன் அப்பாவுக்கு,

சுகுணா எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, புத்திக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது. நாற்பத்தேழு வயதில், சத்துணவு அமைப்பாளர் என்ற பொறுப்பான வேலையில் இருந்துகொண்டு, நான் கம்ப்யூட்டரில் சண்டை விளையாட்டு ஆடுகிறேன். அதுவும் தினமும். நானே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுத் தீர்த்தம்மாள் வாய் வழியாக ஓசூருக்கு வேறு மாதிரி வந்து சேரும். போன வாரம் அவள் சுவரோரம் நின்று கேட்டிருக்கிறாள். உள்ளே நான், "வாடா, வா, இன்னும் கிட்ட வா, உன்ன வெச்சிக்கிறேன்" என்று கத்திக்கொண்டிருந்தேன். மறுநாள் குழாயடியில், "ஏன் சுகுணா, நேத்து வூட்டுக்கு யாரு வந்தாங்க?" என்றாள். "குதிரைப் படை" என்றேன். நம்பவில்லை.

போனில் சொல்லலாம்தான். போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையில் நான் ஆரம்பித்துவிடுகிறேன், நீங்கள் வைத்துவிடுகிறீர்கள். காகிதத்தில் என்றால் முழுசாகத் திட்டலாம், உங்களால் வைக்க முடியாது.

உங்கள் தம்பி மகள் கலைமதி காலேஜ் சேருகிறாள், பையன் கம்ப்யூட்டரை அவளுக்குக் கொடுத்துவிடு என்று எழுதியிருந்தீர்கள். நியாயம்தான். கொடுத்துவிடத்தான் மூடியிருந்த துணியை எடுத்து, தூசி தட்டி, வேலை செய்கிறதா என்று போட்டுப் பார்த்தேன். ஏதோ ஒரு படத்தைத் தட்டினேன். கொட்டுச் சத்தத்தோடு ஒரு கோட்டை வந்தது. அதற்குக் கீழே 'வெல்கம் பேக் பூவரசன்' என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது.

இந்த வீட்டில் அவன் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டுப் பத்து மாதம் ஆகிறது. நான் என்ன செய்ய? உள்ளே போய்விட்டேன்.

அந்தக் காலத்து ராஜா சண்டை. குடியானவர்களை விட்டு மரம் வெட்ட வேண்டும், ஆடு மேய்க்க வேண்டும், கோட்டை கட்ட வேண்டும், படை திரட்ட வேண்டும். பையன் வைத்திருந்ததெல்லாம் ஒரே ஒரு வகைப் படைதான். கையில் வில், இடுப்பில் வாள். தூரத்தில் இருப்பவன் மேல் அம்பு விடுவார்கள். கிட்டத்தில் வந்துவிட்டால் ஒரு பட்டனைத் தட்டினால் போதும், வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு வாளை உருவுவார்கள். நல்ல வில்லாளிக்கு முன்னால் இவர்கள் வில்லில் மட்டம். நல்ல வாள்காரனுக்கு முன்னால் வாளில் மட்டம். ஆனால் வரப்போவது யார் என்று தெரியாதபோது இவர்களை விட்டால் ஆளில்லை. என் உத்தியோகம் மாதிரிதான். சமையலும் தெரியணும், எழுத்து வேலையும் தெரியணும், இரண்டிலும் பரிசு கிடையாது.

எனக்கு அந்த நேரம்தான் பிடிபடவில்லை. எப்போது வில்லை வைப்பது, எப்போது வாளை எடுப்பது? குதிரைகள் வந்து மிதித்து முடித்த பிறகுதான் எனக்குப் பட்டன் ஞாபகம் வருகிறது. நேற்றுப் பள்ளிக்கூடத்தில் மணி அடித்து, பிள்ளைகள் தட்டோடு திபுதிபுவென்று ஓடிவந்தபோது, கரண்டியோடு நின்ற சமையல்கார குள்ளம்மாளைப் பார்த்து, "கிட்ட வந்துட்டாங்க, வாளை எடு!" என்று கத்திவிட்டேன். அவள் பயந்துபோய்ச் சாம்பார் வாளியைத் தூக்கினாள். "அமைப்பாளரம்மா, நீங்க ஒரு நட கோயிலுக்குப் போயிட்டு வாங்க" என்கிறாள்.

கம்ப்யூட்டரைக் கொடுக்க மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். கோபித்துக்கொண்டாலும் கொடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
சுகுணா

*

ஓசூர்
23.6.2025

சுகுணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். கம்ப்யூட்டரைக் கொடுக்க வேண்டாம். தம்பியிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

கம்பெனியில் வேலை பரவாயில்லை. ரூமில் இன்னும் இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள். சாப்பாடு மெஸ்ஸில். எனக்கு ஒரு குறையும் இல்லை.

ரொம்ப நேரம் உட்காராதே. உனக்குக் கண்ணாடி மாற்றி மூன்று வருஷம் ஆகிறது.

இன்னொன்று. குதிரை வேலியைத் தொட்ட பிறகு வாளை எடுக்கச் சொன்னால் முடியாது. உருவுவதற்கு ஒரு நொடி ஆகும். திரையில் வேலிக்கு அரை விரல் தூரத்தில் வரும்போதே சொல்லிவிட வேண்டும். அதுவரை அம்பு. அவசரப்படக் கூடாது.

மாதேஸ்வரன்

*

அதியமான்கோட்டை
10.7.2025

பூவரசன் அப்பாவுக்கு,

அரை விரல் கணக்கு சரியாக வந்தது. பன்னிரண்டு குதிரைகளைச் சாய்த்தேன். கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது, பிறகு எரிச்சலும் வந்தது. இதெல்லாம் உங்களிடம் சொல்லியிருக்கிறான், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை பாருங்கள். எனக்கு அவன் சொன்னதெல்லாம் "ம்மா, பசிக்குது", "ம்மா, சட்ட எங்க?" இரண்டுதான். இருபது வருஷத்துக்கு இரண்டு வசனம். கூத்தில் காவல்காரன் வேஷத்துக்குக்கூட மூன்று இருக்கும்.

இப்போது ஒரு பெரிய சங்கதி. அவன் ஆடிய பழைய ஆட்டங்கள் எல்லாம் உள்ளேயே பதிவாகி இருக்கின்றன. சினிமா மாதிரி போட்டுப் பார்க்கலாம். நூற்றுச் சொச்சம் இருக்கும். சாயந்திரம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் ஒன்று பார்க்கிறேன். ஒன்றுதான். தீர்ந்துவிடுமே என்று.

அவன் கையை நான் அதில்தான் பார்த்தேன். முதல் வேலையாக ஊரைச் சுற்றி வேலி போடுகிறான். எதிரி தலை தெரிந்தால் மரம் வெட்டுகிறவர்களை ஒருத்தன் விடாமல் உள்ளே கூப்பிட்டுக்கொள்கிறான். ஒரு ஆட்டத்தில் ஒரே ஒரு குடியானவன் ஆட்டுக்குட்டியோடு வெளியே மாட்டிக்கொண்டான். அந்த ஒருத்தனுக்காகப் பையன் முப்பது பேரை வெளியே அனுப்பினான். நான் அழுதுவிட்டேன். சும்மா பொம்மைதானே, அதற்குப் போய். தோற்று ஓடுகிறவர்களைத் துரத்துவதே இல்லை. அம்பு, அம்பு, அம்பு, அப்புறம் வாள், அப்புறம் பழையபடி மரம் வெட்டப் போய்விடுகிறான். இதுவரை பார்த்ததில் ஒன்றில்கூட அவசரமே கிடையாது.

நீங்களே யோசித்துப் பாருங்கள். இவ்வளவு நிதானமான பிள்ளை ஹைவேஸில் வண்டியைக் கண்மண் தெரியாமல் ஓட்டியிருப்பானா? போலீஸ்காரர்கள் 'ஓவர் ஸ்பீடு' என்று எழுதிக்கொண்டு போனார்களே, அவர்கள் பார்த்தார்களா? லாரிக்காரன்தான் சிக்னல் போடாமல் திரும்பியிருப்பான். நடந்துபோயிருந்தாலும் அது நடந்திருக்கும். வண்டியின் மேல் தப்பில்லை.

அப்படியானால் வாங்கிக் கொடுத்தவர் மேலும் தப்பில்லை.

முப்பதாம் நாள் சாமி கும்பிட்டு முடித்ததும் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னால் உங்களைப் பார்த்து, "வண்டியா வாங்கிக் குடுத்தீங்க, பாடை வாங்கிக் குடுத்தீங்க" என்றேன். நீங்கள் உள்ளே போனீர்கள். பையை எடுத்தீர்கள். பஸ் ஏறும்வரை யாராவது தடுப்பார்கள் என்று பார்த்தேன். தடுக்க வேண்டியவள் நான்தான் என்பது எனக்கு மட்டும் உறைக்கவில்லை. ஊரில் மற்றவர்கள் சண்டைக்கெல்லாம் பஞ்சாயத்துப் பண்ணப் போகிறவள் நான்.

ஆகஸ்ட் பத்தொன்பது அவனுக்கு வருஷ நாள். ஒரு வாரம் முன்னாலேயே வாருங்கள். வந்தால் திரும்பிப் போக வேண்டாம். இங்கே இல்லாத வேலையா? பாலக்கோட்டு மில்லில் பழைய ஆட்கள் இன்னும் உங்களை விசாரிக்கிறார்கள். தீர்த்தம்மாளுக்கும் கேட்க ஏதாவது புதுசாக வேண்டும், பாவம்.

வூட்டுக்கு வாங்க.

சுகுணா

*

ஓசூர்
27.7.2025

சுகுணாவுக்கு,

உன் கடிதம் பதினைந்தாம் தேதி வந்தது. அன்றைக்கே கணக்கு முடித்துக்கொள்வதாகக் கம்பெனியில் சொல்லிவிட்டேன். பையையும் கட்டிவிட்டேன். நேற்றுக் காலை பஸ் ஸ்டாண்டு வரை போனேன். தர்மபுரி பஸ்ஸில் உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தேன். படித்துவிட்டு இறங்கிவிட்டேன்.

நீ பார்க்கும் ஆட்டங்கள் நான் ஆடியவை.

மில்லில் காலை ஷிப்டு முடிந்து மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன். நீ நாலரைக்கு வருவாய். அவன் காலேஜ் பஸ் ஆறு மணிக்கு. நடுவில் ஒன்றரை மணி நேரம். அவனைச் செல்போனில் விளையாடாதே என்று தினம் திட்டிக்கொண்டிருந்தவன் நான். எந்த முகத்தோடு உன்னிடம் சொல்வேன்? ஆரம்பத்தில் பெயர் கேட்டது. எனக்கு வேறு பெயர் எதுவும் வரவில்லை. அவன் பெயரைப் போட்டேன்.

இதைச் சொல்லாமலே வந்திருக்கலாம். நீ சோறு போட்டிருப்பாய், நான் சாப்பிட்டிருப்பேன். சாயந்திரம் நீ ஒரு ஆட்டத்தைப் போட்டு, "பாருங்க, எவ்வளவு நிதானம்" என்று காட்டுவாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து என் கையையே பார்த்து அவனுக்காகத் தலையாட்ட வேண்டும். எத்தனை நாள் ஆட்டுவேன்? அதனால்தான் எழுதுகிறேன்.

வண்டி வேண்டும் என்று அவன் மூன்று மாதம் கேட்டான். அவன் எப்படி ஓட்டுவான் என்று எனக்குத் தெரியும். என் தம்பியின் வண்டியை அவன் எடுத்துக்கொண்டு பறந்ததை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். தெரிந்தும் வாங்கிக் கொடுத்தேன். அன்றைக்கு நீ சொன்னதற்கு நான் பதில் சொல்லாமல் போனது அதனால்தான். கோபத்தில் இல்லை.

பையை இன்னும் பிரிக்கவில்லை. இதைப் படித்த பிறகும் வரச் சொன்னால் வருகிறேன். சொல்லாவிட்டால் வருஷ நாள் அன்று மட்டும் வந்து, வெளியிலேயே நின்று கும்பிட்டுவிட்டுப் போய்விடுகிறேன். மீதி இருக்கும் ஆட்டங்களை அழிக்க வேண்டாம் என்று தோன்றினால் அழிக்காதே. உன் இஷ்டம்.

மாதேஸ்வரன்

பி.கு.: ஒரு நாள் அவன் சீக்கிரம் வந்து என்னைப் பிடித்துவிட்டான். சிரியோ சிரி என்று சிரித்தான். "தள்ளுப்பா, எவ்ளோ நேரம் மரமே வெட்டிட்டு இருப்ப?" என்று மவுஸைப் பிடுங்கி ஒரு ஆட்டம் ஆடினான். வேலி போடவில்லை. எடுத்த எடுப்பில் குடியானவர்கள் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு எதிரி கோட்டைக்கு ஓடினான். அவன் ஆடியது அது ஒன்றுதான். பட்டியலில் கீழிருந்து நாலாவது. பதினோரு நிமிஷம்.