கண்டி மடத்துக்கு இரண்டு வெள்ளைச் சேலை

தாது வருஷம், மார்கழி 2

பனி. துவைத்தது எதுவும் காயவில்லை. அம்மை குத்திய கை வீங்கி, எழுத வலி. குத்திக்கொண்ட சீட்டு இல்லாமல் கப்பலில் ஏற்ற மாட்டார்களாம். அக்கா முகம்கூடச் சுளிக்கவில்லை. நான்தான் ஊரைக் கூட்டினேன்.

லீவு விட்டதும் பயணம். ஈரோடு, திருச்சி, தனுஷ்கோடி, கப்பல், கண்டி! அங்கே துணிக்கடை வைத்திருக்கும் கண்டி மாமா (இனி க.மா.) பௌத்த பிக்குணிகள் மடத்தில் பேசிவிட்டார். ஒரு மாதம் விருந்தாளிகளாகத் தங்கலாம்.

அப்பாவைக் கரைத்தது நான். மழைக்காலம் முழுக்க நச்சரிப்பு. கடைசியில் பஞ்சுக் கிட்டங்கியிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "ரெண்டு பேரும் ஒண்ணாப் போறதுன்னாச் செரி."

அக்காவுக்குப் பத்தொன்பது. வீட்டுக்காரர் காய்ச்சலில் போய், பல்லடத்திலிருந்து வண்டியில் கூட்டி வந்த நாள் முதல் பின்கட்டு அறைதான் அவளுக்கு. ஒரு மாதமாவது வெளிச்சத்தில் இருக்கட்டும்.

மார்கழி 3

வாங்க வேண்டியவை: பாய், பல்பொடி, எனக்கு நோட்டு, அக்காவுக்கு ஜமக்காளம். கணக்குப் பரீட்சை சுமார்.

மடத்தில் விடியுமுன் எழ வேண்டும் என்றேன். அக்கா சொன்னாள்: "நீயா எந்திரிப்பே? நீ எந்திரிச்சு வர்றதைப் பாத்தா அங்கத்த கோழியெல்லாம் கூவ மறந்துபோயிருமே!" சிரித்தாள். பல் தெரியச் சிரித்தாள்.

பிறகு மெதுவாக: "அங்க நம்மளை ஆருக்குந் தெரியாதில்ல கண்ணு?"

"க.மா. தவிர யாருக்கும் தெரியாது."

"அவரு கடையிலயேதான இருப்பாரு?"

மடத்தில் ராத்திரிச் சாப்பாடு கிடையாதாம். பழகிக்கொள்ள இன்றைக்கே சோறு வேண்டாம் என்றேன். அம்மா: "எளச்சுப்போனீன்னா ஆரு புள்ள பொண்ணு கேட்டு வருவாங்க?" கடைசியில் சாப்பிட்டுவிட்டேன். வெட்கம்.

மார்கழி 5

க.மா. மடத்து விதிகளை எழுதி அனுப்பியிருக்கிறார். அக்காவுக்கும் அப்பாவுக்கும் உரக்கப் படித்தேன். மதியத்துக்குமேல் சாப்பாடு இல்லை. பூ, நகை, வாசனை கூடாது. பாட்டு, கூத்து கூடாது. தரையில் படுக்கை. தங்க வருகிறவர்களும் வெள்ளைதான் உடுத்த வேண்டும்.

படிக்கப் படிக்க எனக்குச் சந்தோஷம். "அக்காவுக்குப் புதுசா பழக ஒண்ணுமே இல்லீங்கப்பா!" என்று கை தட்டினேன். எல்லாரும் வெள்ளை என்றால் அவளைக் கண்டு ஒதுங்கிப் போகிறவர்கள் யார்? இங்கே அபசகுனம் என்று ஒதுக்குவதை அங்கே விழுந்து கும்பிடுகிறார்கள்.

"வெள்ளையேதானா? நம்ம மாதிரி சும்மா தங்கப்போறவங்களுமா?" என்றாள் அக்கா.

"ஆமாங்கக்கா."

பெட்டி அடுக்குவதை நிறுத்திவிட்டாள். களைப்பு என்று நினைத்தேன்.

மார்கழி 6

எழுதவே பிடிக்கவில்லை.

என்னிடம் வெள்ளை ஏது? அக்காவிடம் இரண்டு கேட்டேன். எடுத்துக் கொடுத்தாள். கட்டிக்கொண்டு, நகை கழற்றி, பொட்டை அழித்து, பிக்குணி மாதிரி கை கூப்பி அவள் முன்னால் நின்றேன்.

அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "அவுத்துப்போடு. அவுத்துப்போடு புள்ள!"

"அங்கே விரும்பித்தானே உடுத்துகிறார்கள்" என்று ஏதோ சொன்னேன்.

"விரும்பறவங்க உடுத்தட்டும். என்னைய ஆரு கேட்டா? இங்க இருக்கறாப்பலயேதான் அங்கயும் இருக்கோணும்னா, இதுக்குக் கடல் தாண்டிப் போகோணுமா?"

பெட்டிக்கு அடியிலிருந்து இலைப்பச்சைச் சேலை ஒன்றை எடுத்து வெளியே போட்டாள். கப்பல் ஏறியதும் கட்டிக்கொள்ள வைத்திருந்தாளாம். ஒரு மாதம் யாருக்கும் தெரியாமல் கட்டியிருந்துவிட்டு வரலாம் என்று.

அந்த நேரம் பார்த்து அம்மா. பச்சையை அம்மா பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள், வெறும் நெற்றியும் வெள்ளையுமாக.

"ஐயோ! இந்த ஊட்டுல ஒண்ணு போதாதா!"

அக்காவுக்கு எதிரிலேயே சொன்னாள். அக்கா குனிந்து பச்சைச் சேலையை மடித்தாள்.

மார்கழி 8

காலையில் தூறல். லீவு விட்டாயிற்று. என்னை அந்தக் கோலத்தில் கண்ட அம்மா இனி அனுப்ப மாட்டேன் என்றுவிட்டாள்; பயணம் நின்றது.

அப்பாவிடம் போய்க் கெஞ்சினேன். மடம் வேண்டாம், தனுஷ்கோடியில் கடலை மட்டும் காட்டிக் கூட்டி வாருங்கள். தலையாட்டி மறுத்தார். "மடம்னாச் சனங்ககிட்டச் சொல்லலாம் சாமி. தாலியறுத்த புள்ளையக் கடல் பாக்கக் கூட்டிட்டுப் போனேன்னு சொல்ல முடியுமா?"

பிறகு, பிரியமாகத்தான், சொன்னார். க.மா. பொங்கலுக்கு வருகிறார். திரும்பும்போது அக்காவை மட்டும் கூட்டிப்போவார். திரும்பி வருவதைப் பற்றிப் பேச்சில்லை. எனக்கு மாப்பிள்ளை பார்க்கிற வீட்டில் அவள் இல்லாமல் இருப்பது நல்லது என்று அம்மா நினைக்கிறாள். "நீ படிச்சதைக் கேட்டதுக்கப்புறந்தான் எனக்கு மனசு தெளிஞ்சுது. அவளுக்கு ஏத்த எடந்தான்" என்றார் அப்பா.

அவளுக்கு அது பிடிக்காது என்றேன். வாய்விட்டு அழுதேன். "சின்னப்புள்ள, போ" என்றார்.

மார்கழி 9

அப்பாவின் முடிவு அக்கா காதுக்கும் எட்டிவிட்டது. சாயங்காலம் கேட்டாள். "அங்கயே இருந்துக்கறவங்களுக்கு மொட்டை அடிச்சுப்போடுவாங்களா?"

பொய் சொல்ல நினைத்தேன். வரவில்லை. ஆமாங்கக்கா.

எங்கள் சனத்தில் தாலியறுத்தவர்களுக்குத் தலை மழிக்கும் வழக்கம் இல்லை. அவளுடையது முழங்கால் வரைக்கும் இருக்கிறது.

முடிச்சை அவிழ்த்துவிட்டு எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். "எண்ணெய் வெச்சு வாரி உடு கண்ணு."

ஒரே சிக்கு. ஒரு முடிகூட அறுந்துவிடாமல் விரலாலேயே எடுத்துக்கொண்டிருந்தேன்.