வறண்ட கண்ணிலும் தண்ணீர் வரும்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். உன் நலத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. தினமும் வீடியோவில் முகம் பார்க்கிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். இந்தப் பேச்சைப் போனில் எடுத்தால், சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவாய். பெற்றவளுக்குத் தெரியாதா உன்னை?

முதலில் என் கண் சமாசாரம். பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் தையல் மிஷின் மேல் போனைச் சாத்தி வைத்து, உன்னைப் பார்த்துக்கொண்டே தைப்பது என் வழக்கமாகிவிட்டதே. அதன் பலன், போன வாரம் ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்குப் பையை உள்பக்கமாக வைத்துத் தைத்துவிட்டேன். திருடனுக்குப் பயந்த பிள்ளைக்குத் தைத்தாயா என்று அப்பா கேட்டார். கண்ணில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி ஒரே உறுத்தல். டாக்டரம்மாவிடம் போனேன். திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் இமைப்பதே குறைந்துவிடுகிறதாம், கண்ணின் ஈரம் காய்ந்துபோகிறதாம். அடிக்கடி பார்வையைத் தூரத்தில் வையுங்கள், ஞாபகமாக இமையுங்கள், ஃபேன் காற்று முகத்தில் அடிக்க உட்காராதீர்கள் என்றார். இந்த வயதில் கண் சிமிட்டப் பழகுகிறேன், எதிர்வீட்டுக்காரர் தப்பாக நினைக்காமல் இருக்க வேண்டும்.

உன்னைப் பற்றியும் கேட்டேன். கண் சிவந்து தண்ணீர் வடிகிறது, கேட்டால் "கம்ப்யூட்டர் பாத்துப் பாத்துதாம்மா" என்கிறாள் என்று சொன்னேன். வறண்ட கண்ணிலும் தண்ணீர் வரும் என்றார் டாக்டரம்மா. உறுத்தல் தாங்காமல் கண்ணே தண்ணீரைக் கொட்டிவிடுமாம். என் வயிற்றில் பாலை வார்த்தார். என் பெண் அழவில்லை, எல்லாம் அந்தப் பாழாய்ப்போன கம்ப்யூட்டர்தான் என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன். உனக்கும் ஒரு சொட்டு மருந்து கேட்டு வாங்கி, உன் ஊருக்குப் பயிற்சிக்கு வந்த மேல்வீட்டு நர்ஸிடம் கொடுத்தனுப்பினேன்.

அவள் திரும்பி வந்ததிலிருந்து என் எதிரில் வராமல் நழுவிக்கொண்டிருந்தாள். படிக்கட்டில் மறித்துக் கேட்டதும் சொல்லிவிட்டாள். அவளைத் திட்டாதே. நீ சத்தியம் வாங்கியதையும் சொல்லித்தான் அழுதாள். மாப்பிள்ளை வீட்டை விட்டுப் போய் மாதக் கணக்காகிறதாம். வாசலில் ஒரே ஒரு ஜோடி செருப்புதானாம். நான் விசாரிக்கும்போதெல்லாம் குளிக்கிறார், குளிக்கிறார் என்பாயே. இத்தனை குளியலுக்கு அந்த மனுஷன் சோப்பு மாதிரி கரைந்திருப்பாரே என்று நானும் கேலி செய்தேனே. நீயும் சிரித்தாய். எப்படியடி சிரித்தாய், பாவி?

எனக்குக் கோபம்தான். அவர் மேல் இருப்பது இருக்கட்டும், உன் மேல் கோபம். அதைவிட என் மேல். நாள் முழுக்க உன் முகத்தையே பார்த்துக் கண்ணைக் காயவைத்துக்கொண்டேன், நீ தனியாக இருப்பது தெரியவில்லையே எனக்கு. உனக்கு உடம்புக்கு வந்தால் ஒரு வாய் வெந்நீர் வைத்துத் தர ஆள் இல்லையே அங்கே.

நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று பயந்திருப்பாய். அந்த நாலு பேரை நான் பார்த்துக்கொள்கிறேன். என் வாயைப் பற்றி அவர்களுக்குத் தெரியும். அப்பாவிடம் சொன்னேன். எழுந்து போய், உன் கட்டில் மேல் நான் அடுக்கி வைத்திருந்த துணி மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கூடத்துக்குத் தூக்கி வந்தார். முட்டிவலிக்காரர், வேண்டாம் என்றால் கேட்டால்தானே.

மருந்தை விடாமல் போடு. வேளைக்குச் சாப்பிடு. லீவு கேள், தராவிட்டால் அந்த வேலையும் வேண்டாம். வந்த பிறகு நீயாகச் சொல்கிற வரை நான் எதையும் கேட்க மாட்டேன், அப்பாவையும் கேட்க விடமாட்டேன். அழ வேண்டும் போல் இருந்தால் இங்கே வந்து அழு, கண்ணு. அங்கே உனக்கு யார் துடைத்துவிடுவார்கள்?

நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு வேண்டுதல் இல்லாத,
உன் அம்மா