உள் கம்ப்யூட்டரில் மணி பத்து ஐம்பத்திரண்டு

மாதா துணை

காரைக்கால்,
3.3.2008

அன்புள்ள ஆன்டோ அண்ணனுக்கு, தங்கை பெனிட்டா எழுதுவது. நாங்கள் மூவரும் சுகம். சிங்கப்பூரில் நீங்களும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். போனில் எனக்குப் பேச்சு வராது என்பது உங்களுக்குத் தெரியும். அதனால்தான் கடிதம்.

அம்மா இப்போது குச்சி ஊன்றித் தானே வாசல் வரை நடக்கிறார். போன வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்குக் கோயிலுக்கே வந்து, பதினான்கு ஸ்தலங்களில் ஒன்பதாவது வரை நின்றபடியே ஜெபித்தார். வலது கை மட்டும் இன்னும் முழுதாக மடங்கவில்லை. சோறு இடது கையால் சாப்பிடப் பழகிவிட்டார். அப்பாவுக்கு மரப்பட்டறையில் வேலை அதிகம். மதியம் பன்னிரண்டரைக்கு வந்து சாப்பிட்டுவிட்டு உடனே போய்விடுகிறார்.

நீங்கள் எழுதி அனுப்பிய நான்கு பக்கமும் கிடைத்தது. நான் வேலைக்குப் போகும் ரோஷன் பேகம் அக்காவின் டைப்பிங் கடைக்குப் புது கம்ப்யூட்டர் வந்ததையும், கல்யாணப் பத்திரிகை அடிக்கும் பழைய தமிழ் சாஃப்ட்வேர் அதில் திறக்கவில்லை என்பதையும் அப்பா போனில் சொன்னாரல்லவா. அக்கா தினமும் அதைப் பார்த்து, "இவ்ளோ காசு வாங்கிட்டு இதுக்குத் தமிழே தெரியல பாரு. நான் இங்கிலீஷ்லயா மாப்பிள்ளை பேரு அடிப்பேன்" என்று திட்டிக்கொண்டிருந்தார். புது கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரை உண்டாக்கி, அதில் பழைய விண்டோஸைப் போடலாம் என்று நீங்கள் எழுதியதைச் சொன்னேன். "கம்ப்யூட்டருக்கு வயித்துல புள்ளையா?" என்று சிரித்தார். முதலில் நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுப் பழகு என்று நீங்கள் எழுதியிருந்தபடி, சனிக்கிழமை காலையில் உட்கார்ந்தேன்.

நீங்கள் எழுதிய வரிசைப்படியே செய்தேன். பெயர் கேட்டது, 'பேகம்' என்று கொடுத்தேன். மெமரி, டிஸ்க் அளவு எல்லாம் உங்கள் எண்கள்தான். சிடியைப் போட்டதும் நீலத் திரை வந்தது. டிஸ்கில் உள்ள எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்டது. அங்கேயே கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். 'பயப்படாதே, அது சொல்கிற டிஸ்க் வெறும் ஒரு ஃபைல், வெளியே எதையும் அது தொடாது' என்று நீங்கள் அடிக்கோடிட்டு எழுதியதை மூன்று முறை படித்துவிட்டு அழுத்தினேன். எதுவும் அழியவில்லை. முக்கால் மணி நேரத்தில் சின்னப் பெட்டிக்குள் பழைய விண்டோஸ் வந்து நின்றது. சந்தோஷத்தில் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அதை மூடிவிட்டுப் பட்டியலுக்குத் திரும்பினால் அங்கே இரண்டு பெயர்கள் இருந்தன. 'பேகம்' கீழே. மேலே 'ஆன்டோ நெட்'. நான்தான் தெரியாமல் இரண்டாவதாக ஒன்றை உண்டாக்கிவிட்டேன் போல என்று நினைத்தேன். அழிப்பதற்கு முன் பார்த்துவிடலாம் என்று திறந்தேன். வைரஸ் வந்தால் வெளியே பரவக்கூடாது என்று இன்டர்நெட்டை இப்படி ஓர் உள் கம்ப்யூட்டரில் வைத்துத்தான் நீங்கள் பார்ப்பீர்கள் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அது புதிதாக ஸ்டார்ட் ஆகவில்லை, அண்ணா. தூங்கி எழுந்த மாதிரி, விட்ட இடத்திலிருந்தே கண் திறந்தது. நீங்கள் அதை அணைக்காமல் அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். மூலையில் மணி 10.52. மவுஸை அதன் மேல் வைத்தால் 2006 மே மாதம், பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த தேதி. நடுவில் ரிசல்ட் பக்கம். என் நம்பர். இ. பெனிட்டா. தமிழ் 82. ஆங்கிலம் 68. கணக்கு 71. கடைசி வரியில் பாஸ்.

நம்பர் மாறியிருக்கும் என்று நினைத்து, பைபிளுக்குள் வைத்திருந்த ஹால் டிக்கெட்டை எடுத்து வந்து ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் பார்த்தேன். என் நம்பர்தான். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே மணி 10.53 ஆனது. அம்மாவுக்குத் தலை சீவிவிடப் போனேன். "ஏண்டி கை இப்படி ஜில்லுன்னு இருக்கு?" என்று கேட்டார். பின்னி முடித்துவிட்டு மறுபடியும் கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தேன்.

ரிசல்ட் வந்த அன்று நான் கிணற்றடியில் அம்மாவின் போர்வையைத் துவைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் பின்வாசலில் வந்து நின்று, "பெனி, கணக்குல போயிடுச்சும்மா. இருபத்தொம்பது" என்றீர்கள். அப்பா சாப்பிட வந்ததும் அவரிடமும் அதையே சொன்னீர்கள். அப்பா என்னைத் திட்டவில்லை. "சரி, அம்மாவைப் பாத்துக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். இருபத்தொன்பது என்ற எண்ணை எங்கிருந்து எடுத்தீர்கள், அண்ணா? வெறும் ஃபெயில் என்று சொல்லியிருந்தாலே நம்பியிருப்பேன். அந்த எண் இரண்டு வருடமாக என்னோடு இருக்கிறது. கடையில் பத்து ஜெராக்ஸுக்குக் காசு வாங்கும்போதுகூட இரண்டு தடவை கூட்டிப் பார்க்கிறேன். "கால்குலேட்டரைத் தேய்ச்சே கொன்னுடுவ போல" என்று அக்கா சொல்வார். கணக்கு வராதவள் என்றுதான் நான் என்னை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்க் ஷீட் வாங்கிக்கொள்ளச் சொல்லி ஸ்கூலிலிருந்து இரண்டு முறை சொல்லி அனுப்பினார்கள். ஃபெயில் ஆன தாளை வாங்க எல்லோர் முன்னாலும் எப்படிப் போவது? என்னோடு படித்த பாரதிப்ரியா ப்ளஸ் ஒன் சேர்ந்த அன்று என்னைத் தேடி வீட்டுக்கு வந்தாள். நான் சமையற்கட்டில் ஒளிந்துகொண்டு, இல்லை என்று சொல்லச் சொன்னேன். நான் வெட்கப்படுகிறவள், போய்க் கேட்க மாட்டேன் என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

இன்று காலை ஸ்கூலுக்குப் போனேன். ஆபீஸ் அம்மா அலமாரியில் தேடி எடுத்து, தூசியை ஊதிக் கையில் கொடுத்தார். "ரெண்டு வருஷமா இங்க தூங்குது. நாங்க உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சுன்னுல்ல நெனச்சோம்" என்றார். கையெழுத்துப் போடும்போது என் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டேன். தாளிலும் அதே மார்க்தான். 71.

அம்மா பக்கவாதம் வந்து விழுந்தது அந்த வருடம் ஏப்ரலில். உங்கள் டிக்கெட் ஜூன் மாதம். நடுவில் மே. இதை நான் கூட்டிப் பார்த்துவிட்டேன், இந்தத் தடவை ஒரே முறைதான். வீட்டில் ஒருவர் இருந்தால்தான் நீங்கள் போயிருக்க முடியும். நீங்கள் அனுப்பிய பணத்தில்தான் அம்மா இன்று நடக்கிறார். அதை மறக்கவில்லை. ஆனால் என்னைக் கேட்டிருந்தால், நானே வீட்டில் நின்றிருப்பேனே, அண்ணா. பாஸ் ஆனவளாக நின்றிருப்பேன்.

அப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. மார்க் ஷீட் என் துணிகளுக்கு அடியில் இருக்கிறது. ஜூனில் ப்ளஸ் ஒன் சேர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். காலையில் பள்ளிக்கூடம், சாயங்காலம் கடை என்று வைத்துக்கொள்ள அக்கா சம்மதித்துவிட்டார். அப்பா எதற்கு இப்போது என்று கேட்பார். அதற்குப் பதில் என்னிடம் இல்லை, உங்களிடம்தான் இருக்கிறது. இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நீங்கள் போன் செய்யும்போது அவரிடம் நீங்களே சொல்லுங்கள். என்னைக் கூப்பிட வேண்டாம். நான் பக்கத்தில்தான் நிற்பேன்.

'ஆன்டோ நெட்'டை நான் அழிக்கவில்லை. நீங்கள் செய்த மாதிரியே அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறேன். நிறுத்தும்போது உள்ளே மணி 11.40. அங்கே இன்னும் மதியம் ஆகவில்லை, அண்ணா. அப்பா சாப்பிட வருவதற்கு நேரம் இருக்கிறது.

என்றும் உங்களுக்காக ஜெபிக்கும்
தங்கை
இ. பெனிட்டா