பெட்டியில் இருந்த படம்

சாமியம்மா,

எழில் தூங்குகிறாள். காய்ச்சல் இறங்கவில்லை. நீ ரேஷன் கடையிலிருந்து வந்ததும் கஞ்சி கொடு. என் மாத்திரையை எடுத்துக்கொண்டு போகிறேன், தேடாதே. இனி ஒன்றுகூட அவள் வாயில் படக்கூடாது.

எனக்குத் தோலில் வந்த அதே சீழ்க்கொப்புளம்தானே நம் மகளுக்கும். புள்ளத்தாச்சிக்கு வைத்தியம் வேறு என்று டாக்டர் சொன்னதை நம்பாமல் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்தேன். நீ அழுதும் கேட்கவில்லை. என் மாத்திரைப் பெட்டியில் வயிற்றுப்பிள்ளைக்காரி படம் இருந்தது. அப்படியானால் புள்ளத்தாச்சிக்கும் ஆகும் என்று உனக்குத் தெரியாமல் இரண்டு நாள் கொடுத்தேன்.

இன்று இன்னும் வாங்கப் போனால் மருந்துக்கடைக்காரர் கத்துகிறார். "குறுக்க கோடு போட்டிருக்கே, பாக்கலியா பெரியவரே? புள்ளத்தாச்சி இதத் தொடவே கூடாது. வயித்துல இருக்கிறது ஊனமாயிடும்."

அந்தக் கோட்டை நான் முதல் நாளே பார்த்தேன். அச்சில் மை இழுத்துவிட்டது என்று நினைத்தேன்.

உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லை. முன்னால் போய் டாக்டரிடம் எல்லாம் சொல்லி, காலில் விழுந்தாவது ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஒரு கட்டில் கேட்கிறேன். பத்து மணிக்கு ஆட்டோ வரும், அவளைக் கூட்டிவா.

சக்கரபாணி

எழிலைத் திட்டாதே. "ஆகுமாப்பா?" என்று இரண்டு தரம் கேட்டாள். "படமே போட்டிருக்கான், முழுங்கு" என்றேன்.