பூச்சரம் சுற்றிய பைப்பு

அன்பு மச்சான் ஆறுமுகம்,

நீ போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. உன்னைத் திட்டாமல் எனக்கு ஒரு நாளும் விடிந்ததில்லை. அந்த வகையில் நீ கொடுத்து வைத்தவன்.

போன வாரம் குசினிக் குழாயைத் திறந்தேன். பிடி கையோடு வந்துவிட்டது. உள்ளே பார்த்தால், வாஷருக்குப் பதிலாகச் செருப்பில் வெட்டிய வட்ட ரப்பர். நீல நிறம். நான் மூன்று மாதம் தேடிய என் நீலச் செருப்பு எங்கே போனது என்று அப்போதுதான் தெரிந்தது. கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேனா?

உனக்குத் திருப்புளி என்றால் சாப்பாட்டுக் கத்தி. சுத்தியல் என்றால் கவாத்துக் கத்தியின் முதுகு. சாக்கடை அடைத்தால் உடைந்த குடையின் கம்பி. மற்ற எல்லாவற்றுக்கும் மோட்டார் டியூப்பைக் கீறிய ரப்பர் வார். உன் வீட்டுக் கதவும் என் வீட்டு அலமாரியும் அந்த வாரில்தான் நின்றன. ரிங்லெட் டவுனுக்குப் போகும்போதெல்லாம், நல்ல சாமான் ஒரு செட் வாங்கி வரட்டுமா என்று கேட்பேன். "எதுக்கு மாப்ள, இதே போதும்லா" என்பாய். தேயிலைக் காட்டில் முப்பது வருடம் வேலை பார்த்தவன் வாழ்க்கையைப் பற்றிச் சொன்னது அவ்வளவுதான்.

அதெல்லாம் போகட்டும். கூரை விஷயத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நம் லயத்து வீடுகளின் கூரைத் தகரமெல்லாம் துருப்பிடித்து ஓட்டை விழுந்து எத்தனை வருடம். ஒரு வழியாகப் போன வருடம் தோட்ட ஆபீஸில் இறங்கி வந்தார்கள். தோட்டத்துச் சின்னதுரையும் கணக்கெழுதும் கிராணியும் வீடு வீடாக வந்து பார்ப்பார்கள், ஒழுகுகிற வீட்டை எழுதிக்கொண்டு போய்ப் புதுத் தகரம் போடுவார்கள் என்று சொன்னார்கள். மூளை உள்ளவன் என்ன செய்வான்? நன்றாக ஒழுகட்டும் என்று விடுவான். நீ என்ன செய்தாய்?

"துரை வர்றாரு மாப்ள. அவரு தலையில தண்ணி சொட்டுனா நமக்குத்தானே அசிங்கம்?"

இரண்டு நாள் லீவு போட்டாய். பிளாஸ்டிக் பைப்பை நீளவாக்கில் பிளந்து, ஒழுகும் இடத்துக்குக் கீழே உத்தரத்தில் ரப்பர் வாரால் கட்டித் தொங்கவிட்டு, சுவரில் ஓட்டை போட்டு அதன் வழியாகத் தண்ணீரை வெளியே விட்டாய். உன் வீட்டுக்கு ஒன்று, பக்கத்து வீடான என் வீட்டுக்கு ஒன்று. பைப்பு கண்ணுக்கு அசிங்கமாக இருக்கிறது என்று தீபாவளிக்கு வாங்கிய பிளாஸ்டிக் பூச்சரத்தை அதில் சுற்றியும் விட்டாய். நான் லோரியில் தேயிலை ஏற்றிக்கொண்டு போயிருந்தேன். இருந்திருந்தால் அன்றைக்கே இரண்டில் ஒன்று பார்த்திருப்பேன்.

சின்னதுரை அண்ணாந்து பார்த்து, "அழகா வச்சிருக்கீங்களே" என்றாராம். நீ கையைக் கட்டிக்கொண்டு இளித்தாயாம். கிராணி இரண்டு வீட்டுக்கும் "நல்ல நிலை" என்று எழுதிக்கொண்டு போனார். லயம் முழுவதும் புதுத் தகரம் வந்தது. நம் இரண்டு வீட்டுக்கு மட்டும் துரு.

உன் வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் தெரியுமா? இரண்டு நேப்பாளத் தொழிலாளிகள். உன் பைப்பைப் பார்த்து ஏதோ அலங்காரம் என்று நினைத்து முதல் நாளே கழற்றி எறிந்துவிட்டார்கள். மழை பெய்தது, கூரை ஒழுகியது. கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு நேராக ஆபீஸ் வாசலில் போய் நின்றார்கள். மூன்றே வாரத்தில் தகரம் வந்துவிட்டது. நேற்று வந்தவர்களுக்கு இருந்த துணிச்சல் இங்கேயே பிறந்து வளர்ந்த நமக்கு இல்லை.

எனக்கு இப்போது அவசரம் இருக்கிறது, மச்சான். என் மகள் கவிதா ஈப்போவிலிருந்து தலைப்பிரசவத்துக்கு வரப் போகிறாள். தானா ராத்தா ஆஸ்பத்திரியில் பெற்றுக்கொண்டு இங்கேதான் வந்து படுக்க வேண்டும். உன் பைப்பு தொய்ந்துபோய்ப் பாதித் தண்ணீரைக் கட்டில் பக்கம் ஊற்றுகிறது. இந்தக் குளிரில் பச்சைப் பிள்ளையை எங்கே போடுவது?

ஆபீஸுக்கு நான்கு தடவை போனேன். "உங்க வீடு நல்ல நிலைன்னு எழுதியிருக்கே" என்று கிராணி புத்தகத்தைக் காட்டினார். அப்புறம், சின்னதுரை வந்து பார்க்கட்டும் என்றார். அவர் வருவதற்குள் பைப்பைக் கழற்றிவிடலாம் என்றால் உன் தங்கை சரோஜா விடவில்லை. "எங்கண்ணன் கட்டுனது. கை வச்சீங்கன்னா நடக்கிறதே வேற" என்றாள்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தார்கள். நல்ல மழை. ஹாலில் ஒரு வாளி, கட்டில் பக்கம் ஒரு பேசின், தரையெல்லாம் ஈரம். அவர்கள் கண்ணில் படட்டும் என்று நானே எடுக்காமல் வைத்திருந்தேன்.

இனி நீ சிரிக்கலாம். ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. எனக்கு என்ன ஆனதோ தெரியவில்லை. வாளியைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். பேசினைக் குசினியில் கொண்டு வைத்தேன். தோளில் கிடந்த துண்டால் தரையைத் துடைத்தேன். சின்னதுரை உள்ளே வந்து, "ஓகேதானே அங்கிள்? பெரிய பிரச்சன ஒன்னும் இல்லல்ல?" என்றார்.

"பரவால்ல துரை. சமாளிச்சிக்கலாம்."

சொன்னது நான்தான். வருடக் கணக்கில் உன்னைக் கேவலமாகப் பேசிய இதே வாய்தான். கையைக் கூடக் கட்டிக்கொண்டிருந்தேன்.

கிராணி பேனாவைத் திறந்தார். அப்போது சரோஜா குசினியிலிருந்து ஒட்டடைக் கம்போடு வந்தாள். அண்ணாந்து பார்த்து, உன் ரப்பர் வாரில் கம்பை மாட்டி ஒரே இழுப்பு. பைப்பின் ஒரு முனை இறங்கியது. அதில் தேங்கியிருந்த அத்தனை கறுப்புத் தண்ணீரும் கிராணியின் புத்தகத்திலும் சின்னதுரை காலில் போட்டிருந்த சப்பாத்திலும் கொட்டியது.

"இதான் துரை எங்க வீட்டு நிலைம. எங்கண்ணன் மறைச்சு வச்சிருந்தாரு. எம்மக பிள்ளையத் தூக்கிட்டு இங்கதான் வரப்போறா. இப்ப எழுதுங்க."

கிராணி காய்ந்த பக்கத்தைத் தேடி எழுதினார்.

அவர்கள் போன பிறகு சரோஜா பைப்பை மடியில் வைத்துக்கொண்டு ஈரத் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். "எங்கண்ணனக் காட்டிக் குடுத்துட்டேன்ங்க" என்றாள். எனக்கு உன் மேல் அவ்வளவு ஆத்திரம் வந்தது. நீ உயிரோடு இருந்திருந்தால் அந்த நிமிடமே உன் வீட்டு வாசலில் நின்று திட்டியிருப்பேன். அது முடியவில்லையே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நேற்று தகரம் வந்து இறங்கியது. சனிக்கிழமை போடுகிறார்கள்.

வெட்கப்பட வேண்டியவர்கள் ஜீப்பில் வந்து ஜீப்பில் போனார்கள். நீயும் நானும் தரையைத் துடைத்தோம். இனி ஆபீஸிலிருந்து எவன் வந்தாலும் இந்த வீட்டில் நான் எதையும் துடைக்க மாட்டேன். உனக்கும் சேர்த்துச் சத்தியம் செய்கிறேன். ஒருவேளை என் கை மறுபடியும் துண்டைத் தேடினால், உன் தங்கை பார்த்துக்கொள்வாள்.

இப்படிக்கு,
உன் தங்கையைக் கட்டியும் அவளிடமிருந்து ஒன்றும் கற்காத உன் மாப்பிள்ளை,
கணேசன்